நன்கொடைக் குலுக்கல் சட்டத்தை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுக்காரியத்துக்குப் பணம் திரட்டச் சீட்டு விற்று, குலுக்கிப் பரிசு கொடுக்கும் சங்கங்களில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். வக்கீல் இல்லை. ஆனால் "இந்தச் சட்டம் ஏன் இப்படி இருக்கிறது, இதை மாற்ற முடியாதா" என்று என்னிடம் கேட்காத செயலாளர் இல்லை. கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்கள்தான் எடுத்துப் படிக்க வேண்டும். எங்கே பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

நன்கொடைக் குலுக்கலும் லாட்டரியும் ஒன்றா?

சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். சேரக் காசு கொடுக்க வேண்டும், பரிசு இருக்க வேண்டும், பரிசு யாருக்கு என்பதை அதிர்ஷ்டம் தீர்மானிக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான நாடுகளில் அதற்குப் பெயர் லாட்டரி. திரண்ட பணம் எங்கே போகிறது என்பது நான்காவது கேள்வி. சட்டம் அதை மெதுவாகத்தான் கேட்கும்.

அதனால் இந்தச் சட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை: எல்லா லாட்டரியும் குற்றம், பின்வருபவை தவிர. கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 206-வது பிரிவு மொத்தமாகத் தடை போடுகிறது. அடுத்த 207-வது பிரிவு, மாகாண அரசின் உரிமம் பெற்ற தொண்டு மற்றும் சமய அமைப்புகளுக்குக் கதவைத் திறக்கிறது. நம் குலுக்கல் குடியிருப்பது அந்தத் "தவிர" என்ற சொல்லுக்குள்தான். சட்டத்தை மாற்றுவது என்று நாம் பேசுவதெல்லாம் அந்தச் சொல்லின் சுவரை இரண்டு அடி நகர்த்துவதைப் பற்றித்தான்.

நல்ல காரியத்துக்குத்தானே செய்கிறோம்? எதற்கு இத்தனை சந்தேகம்?

நல்ல காரியத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றிய வரலாறு நீளமானது. அமெரிக்காவில் லூசியானா லாட்டரி கம்பெனி என்று ஒன்று இருந்தது. 1868-இல் மாநில அரசிடம் 25 வருட ஏகபோக உரிமை வாங்கியது. பதிலுக்கு நியூ ஆர்லியன்ஸ் தர்ம மருத்துவமனைக்கு வருடம் 40,000 டாலர் தருவதாக ஏற்பாடு. மருத்துவமனைக்குப் போனது அந்த 40,000. கம்பெனி தபால் வழியாக நாடு முழுக்கச் சீட்டு விற்றுக் குவித்தது அதைப்போல் பல மடங்கு. சட்டமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்கியதாகவும் பெயர் கெட்டது. கடைசியில் 1890-இல் லாட்டரி சம்பந்தப்பட்ட எதையும் தபாலில் அனுப்பக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1895-இல் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதையும் தடுத்தது.

அந்தக் கோபத்தில் எழுதிய சட்டங்கள், பின்னாளில் சின்னச் சங்கங்களின் கழுத்தையும் சேர்த்தே நெரித்தன. சட்டப்படி நடக்கும் தொண்டு நிறுவனக் குலுக்கலை விளம்பரம் செய்யலாம் என்று அமெரிக்காவில் தெளிவாக்கவே 1988-இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஏறக்குறைய நூறு வருடம்.

ஆகவே அதிகாரியிடம் போய் "நாங்கள் நல்லவர்கள்" என்று சொல்லிப் பயனில்லை. அந்தக் கம்பெனியும் அதைத்தான் சொன்னது.

எங்கள் சங்கம் ரொம்பச் சின்னது. எங்களுக்குமா இந்தச் சட்டம்?

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாற்றம் கேட்கும்போது எடுத்துக்காட்ட வேண்டிய இடமும் இதுதான்.

பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் குலுக்கலை அளவு பார்த்துப் பிரிக்கிறது. ஒரு நிகழ்ச்சியின் நடுவே, அங்கே வந்தவர்களுக்கு மட்டும் சீட்டு விற்று நடத்தும் குலுக்கலுக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். வசூலிலிருந்து பரிசுக்கு 500 பவுண்டுக்கு மேலும் செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு மேல் வெளியே பொதுமக்களிடம் விற்றால், ஒரு குலுக்கலுக்கு 20,000 பவுண்டு, வருடத்துக்கு 2,50,000 பவுண்டு வரை உள்ளாட்சி அமைப்பில் பதிவு செய்தால் போதும். அதையும் தாண்டினால்தான் சூதாட்ட ஆணையத்தின் உரிமம்.

நியூசிலாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பரிசின் மதிப்பை வைத்துப் படி கட்டுகிறது. 500 டாலர் வரை ஒரு படி, 5,000 டாலர் வரை அடுத்த படி. இந்த இரண்டுக்கும் விதிகள் உண்டு, உரிமம் தேவையில்லை. அதற்கு மேலே போனால் உரிமம்.

இந்தியாவில் இப்படிப் படிகளே இல்லை. மாநில அரசின் லாட்டரியாகவோ மாநில அரசு அனுமதித்த லாட்டரியாகவோ இல்லாத ஒன்றைக் குலுக்க இடம் வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். 1870-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 294-ஏ என்று சேர்த்த பிரிவு அது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 297-ஆவது பிரிவாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சீட்டு விளம்பரத்துக்கான அபராத உச்சவரம்பு ஆயிரம் ரூபாயிலிருந்து ஐயாயிரமானது. தண்டனைச் சட்டத்தையே புதிதாக எழுதிய நேரத்தில்கூட, நூறு சீட்டு விற்கும் சங்கத்தையும் கோடி சீட்டு விற்கும் கம்பெனியையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தமிழ்நாடு 2003 ஜனவரியிலிருந்து லாட்டரி விற்பனையையே நிறுத்திவிட்ட மாநிலம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் யூட்டா, ஹவாய் மாநிலங்களில் பேச்சே இல்லை. அங்கே தொண்டுக் குலுக்கலுக்கும் சட்டத்தில் இடம் இல்லை.

சீட்டில் "விலை" என்பதற்குப் பதில் "நன்கொடை" என்று அச்சடித்தால் தப்பிக்கலாமா?

முடியாது. நன்கொடை கொடுக்காதவருக்குச் சீட்டு உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். இல்லை என்றால் அது விலைதான்.

நிஜமாகவே தப்பிக்க இரண்டு வழி உண்டு. காசில்லாமலும் சேரலாம் என்று திறந்துவிடுவது ஒன்று. அதிர்ஷ்டத்தை எடுத்துவிட்டுத் திறமைப் போட்டியாக மாற்றுவது இன்னொன்று. பிரிட்டனில் இரண்டுக்கும் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் "இந்தியாவின் தலைநகர் எது" என்று ஒரு கேள்வி வைத்துவிட்டுத் திறமைப் போட்டி என்று சொன்னால் செல்லாது. கணிசமானவர்களைத் தடுக்கும் அளவுக்குக் கேள்வி கடினமாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. லாபத்துக்காக வீடும் காரும் பரிசு வைப்பவர்கள் இந்தச் சந்தில்தான் ஓடுகிறார்கள். தொண்டு நிறுவனங்கள் ஓடாமல் இருப்பது நல்லது.

சட்டத்தை மாற்ற வேண்டும் என்றால் முதலில் என்ன செய்வது?

எந்தச் சட்டத்தை என்று கண்டுபிடிப்பது. பாதிப் பேர் இங்கேயே வழுக்கிவிடுகிறார்கள். தடை உட்கார்ந்திருப்பது அரசியலமைப்பிலா, நாடாளுமன்றம் அல்லது சட்டமன்றம் போட்ட சட்டத்திலா, சட்டத்தின் கீழ் எழுதிய விதிகளிலா, அல்லது அதிகாரி உரிமத்தோடு ஒட்டித் தரும் நிபந்தனைத் தாளிலா? நான்கு மாடிக் கட்டடம் மாதிரி. தரைத்தளத்தில் தீரும் காரியத்துக்கு மொட்டைமாடி வரை ஏறக் கூடாது. மொட்டைமாடியில் இருக்கும் பூட்டைத் தரையில் நின்று திறக்கவும் முடியாது.

கலிஃபோர்னியாவில் பூட்டு மேலே இருந்தது. லாட்டரியை அனுமதிக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது என்று மாநில அரசியலமைப்பு சொல்லியது. 2000 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, தொண்டுக் குலுக்கலுக்கு மட்டும் விலக்கு கொடுத்த பிறகுதான் சட்டம் எழுத முடிந்தது. கேன்சஸும் தென் கரோலினாவும் 2014-இல் இதே வழியில் வாக்குப் பெட்டி வரை போய் வந்தன.

பிரிட்டனில் வேறு கதை. நிகழ்ச்சிக் குலுக்கலைத் தொண்டு நோக்க நிகழ்ச்சியில் மட்டும்தான் நடத்தலாம், லாப நோக்கில் நடக்கும் நிகழ்ச்சியில் கூடாது என்று இருந்தது. ஓர் அலுவலகத்துக்குள்ளோ குடியிருப்புக்குள்ளோ நடத்தும் குலுக்கல், வெளியே இருக்கும் தொண்டுக்குப் பணம் கொடுக்க முடியாமல் இருந்தது. இந்த இரண்டையும் 2016 ஏப்ரலில் ஒரு சீர்திருத்த ஆணை மாற்றியது. முழு மசோதா தேவைப்படவில்லை.

கனடா 2014-இல் செய்தது இன்னொரு ரகம். கணினி வழியாகக் குலுக்கல் நடத்தக் கூடாது என்ற தடை, சீட்டு அச்சடிக்கக் கணினியைத் தொட்டாலே குற்றமோ என்று பயப்படும் அளவுக்கு இருந்தது. சீட்டு விற்பது, வெற்றியாளரைத் தேர்வது, பரிசு வழங்குவது ஆகியவற்றுக்குத் தொண்டு அமைப்புகள் கணினியைப் பயன்படுத்தலாம் என்று குற்றவியல் சட்டத்தில் ஒரு திருத்தம். அது தனி மசோதாவாக வரவில்லை. அந்த வருட பட்ஜெட்டை நிறைவேற்றும் மசோதாவின் வயிற்றுக்குள் இருந்து வந்தது.

மக்கள் ஆதரவு இருந்தால் போதாதா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைக் கேளுங்கள். அங்கே பிங்கோ என்ற எண் விளையாட்டும் குலுக்கலும் நடத்த ஒரு தொண்டு அமைப்பு ஐந்து வருடம் தொடர்ந்து இயங்கியிருக்க வேண்டும். இந்த விதி அரசியலமைப்பிலேயே இருந்தது. ஐந்தை மூன்றாகக் குறைக்கவும், நடத்துபவருக்குச் சிறிய ஊதியம் கொடுக்கவும் 2020-இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். 52 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். தோற்றது. அரசியலமைப்பில் புதிதாக எதையும் சேர்க்க 55 சதவீதம் வேண்டும் என்பது அங்கே விதி. 2022-இல் கொஞ்சம் மாற்றி மறுபடியும் கொண்டுவந்தார்கள். இந்த முறை பாதிகூடக் கிடைக்கவில்லை.

இரண்டு தடவையும் கோரிக்கை ஒன்றுதான்: ஐந்தை மூன்றாக்குங்கள். ஆனால் கூடவே "நடத்துபவருக்கு ஊதியம்" என்பதையும் கட்டி அனுப்பினார்கள். வாக்காளர் வாசிக்கும் ஓரிரு வரியில் "சூதாட்டம்" என்ற சொல்லும் "ஊதியம்" என்ற சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் என்ன தோன்றும்? என் கணிப்பு இது, ஆய்வு இல்லை. ஒரு சாதாரண விதியை அரசியலமைப்பில் எழுதி வைப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு மட்டும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எந்த மாற்றத்தை முதலில் கேட்பது?

ஆன்லைன் விற்பனையைக் கேட்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதலில் கேட்க வேண்டியது சிறு குலுக்கலுக்கு விலக்கு. சீட்டு விற்கும் இடமும், வாங்கும் ஆட்களும், குலுக்கும் பெட்டியும் ஒரே கூடத்தில் இருக்கும்போது ஏமாற்றினால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். அதற்கு அரசின் கண் தேவையில்லை. இப்படி ஒரு விலக்கு வந்தால் பெரும்பாலான சங்கங்களின் கவலை அதோடு தீர்ந்துவிடும். அதிகாரிகளுக்கும் வேலை குறையும் என்பதால் அவர்களே நம் பக்கம் பேசக்கூடும்.

அடுத்தது நடுத்தரக் குலுக்கலுக்கு உரிமத்துக்குப் பதில் பதிவு. உரிமம் என்றால் "கொடுக்கலாமா" என்று அவர்கள் யோசிக்க வேண்டும். பதிவு என்றால் "தெரிவித்துவிட்டோம்" என்று நாம் வேலையைத் தொடங்கலாம். பிரிட்டனில் இதற்கு முதல் வருடம் 40 பவுண்டு, அடுத்தடுத்த வருடம் 20 பவுண்டு கட்டணம். குலுக்கி மூன்று மாதத்துக்குள் வரவு செலவு அறிக்கையில் சங்கத்தின் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இரண்டு கையெழுத்து என்பது எனக்குப் பிடித்த விதி. ஒரு பொருளாளர் தனியாகத் தவறு செய்வது சுலபம்.

மூன்றாவது, தொகை வரம்புகள். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

வசூலில் எத்தனை சதவீதம் தொண்டுக்குப் போக வேண்டும் என்று சட்டம் சொல்லலாமா?

சொல்கிறது. எவ்வளவு என்பதில்தான் உலகம் ஒத்துப்போகவில்லை. கலிஃபோர்னியாவில் 90 சதவீதம். பிரிட்டனில் குறைந்தது 20 சதவீதம். இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சீட்டு விற்று 1,000 வந்தது என்று வையுங்கள். 90 சதவீத விதிப்படி 900 தொண்டுக்கு. மீதி 100-இல்தான் பரிசு, அச்சுக்கூலி எல்லாம். பரிசை யாராவது இனாமாகக் கொடுத்தால் ஒழிய நடக்காது. பெரிய மனிதர்களைத் தெரிந்த அமைப்புக்குப் பரிசு இனாமாகக் கிடைக்கும், தெரியாத அமைப்பு திண்டாடும். பாதி வசூலைப் பரிசாகவும் மீதியைத் தொண்டுக்கும் கொடுக்கும் ஃபிஃப்டி-ஃபிஃப்டி குலுக்கல், இந்த விதியின் கீழ் நேரடியாகக் குற்றமாகிவிடுகிறது. 2015-இல் கலிஃபோர்னியா அதற்கும் ஒரு சன்னல் திறந்தது. யாருக்கு? பெரிய தொழில்முறை விளையாட்டு அணிகளோடு சேர்ந்த அறக்கட்டளைகளுக்கு. உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்துக்கு அந்தச் சன்னல் இன்றும் மூடித்தான் கிடக்கிறது. சட்டம் மாறும்போது யாருடைய வக்கீல் அறையில் இருந்தார் என்பது மாறிய வரிகளிலேயே தெரியும்.

20 சதவீதத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஆபத்து. 1,000-இல் 200 தொண்டுக்குப் போனால் சட்டம் திருப்தி. மீதி 800 பரிசுக்கும் விளம்பரத்துக்கும் நடத்தும் கம்பெனிக்கும் போகலாம். சீட்டு வாங்கியவர் மனதில் நினைத்தது அதுவா?

நான் எங்கே நிற்கிறேன் என்றால்: சிறு குலுக்கலுக்குச் சதவீதமே வேண்டாம், செலவுக்கு ஓர் உச்சவரம்பு போதும். பெரியதற்கு, எவ்வளவு சதவீதம் போகிறது என்பதைச் சீட்டின் முகத்திலேயே, விலை அச்சடித்த அதே அளவு எழுத்தில் போட வேண்டும். அதைப் படித்த பிறகும் ஒருவர் வாங்கினால் அது அவர் விருப்பம்.

ஆன்லைனில் சீட்டு விற்க அனுமதி கேட்டால் என்ன சொல்வார்கள்?

எதிர்க் கேள்விகள்தான் வரும். உரிமம் ஒரு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ மட்டும் செல்லும், இணையத்துக்கு எல்லை கிடையாது. வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்று எப்படி உறுதி செய்வீர்கள்? வயது? இரவு இரண்டு மணிக்கு ஒருவர் நூறாவது சீட்டை வாங்கினால் யார் தடுப்பது? எண்ணைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருளை யார் சோதித்தார்கள்? இவற்றுக்குப் பதில் எழுதி வைத்துக்கொண்டு போனால்தான் பேச்சு தொடங்கும்.

கலிஃபோர்னியா குலுக்கலை இணையத்தில் விளம்பரம் செய்யலாம் என்கிறது, சீட்டு விற்கக் கூடாது என்கிறது. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் காரணம் புரிகிறது. கனடாவில் 2014 திருத்தத்துக்குப் பிறகு விளையாட்டு அரங்குகளின் ஃபிஃப்டி-ஃபிஃப்டி குலுக்கல்கள் கையடக்கக் கருவிக்கும் பிறகு இணையத்துக்கும் மாறின. 2020-இல் பெருந்தொற்றால் அரங்கம் காலியாகக் கிடந்த நாட்களிலும் ஐஸ் ஹாக்கி அணிகளின் அறக்கட்டளைகள் வீட்டில் இருந்தவர்களுக்குச் சீட்டு விற்றன. சில இரவுகளில் பரிசுத்தொகை பல மில்லியன் டாலரைத் தொட்டது. தொண்டுக்கு நல்லதுதான். ஆனால் அந்த அளவுக்குப் போன பிறகும் அதைக் கூடத்தில் நடக்கும் குலுக்கலின் அண்ணன் என்று அழைக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

யார் எதிர்ப்பார்கள்?

சூதாட்டத்துக்கு அடிமையானவர்களோடு வேலை செய்பவர்கள் எதிர்ப்பார்கள். அவர்களை எதிரியாக நினைக்காதீர்கள். மசோதா எழுதும் முன்பே போய்ப் பாருங்கள். சிறு குலுக்கலைப் பற்றி அவர்களுக்குப் பெரிய புகார் இருப்பதில்லை. அதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தால் பாதி வேலை முடிந்தது.

உண்மையான எதிர்ப்பு அரசின் சொந்த லாட்டரியிடமிருந்து வரும். பிரிட்டனில் 2011-இல் ஹெல்த் லாட்டரி என்று ஒன்று தொடங்கியது. நாட்டின் 51 பகுதிகளுக்கு 51 தனி அமைப்புகள், ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்ட வரம்புக்குள். ஆனால் கடையில் தொங்கிய பெயர் ஒன்று, நடத்தியது ஒரே கம்பெனி. ஒரு பவுண்டுச் சீட்டில் 20.3 பென்ஸ் தொண்டுக்கு, சட்டம் கேட்ட 20-க்கு ஒரு மயிரிழை மேல். இது நாடு தழுவிய லாட்டரிக்கு மாறுவேடம் போட்டது என்று தேசிய லாட்டரியை அப்போது நடத்திய கேம்லாட் நீதிமன்றம் போனது. 2012-இல் வழக்கு தள்ளுபடி ஆனது.

தொண்டு லாட்டரிகளின் வரம்பை உயர்த்தும் பேச்சு வந்தபோதெல்லாம் இந்த 51 என்ற எண்ணும் கூடவே வந்தது. வருட வரம்பு குறைவாக இருப்பதால்தான் ஒரே காரியத்துக்குப் பல அமைப்புகளைத் தொடங்கி நிர்வாகச் செலவு செய்கிறோம் என்று தொண்டுத் தரப்பு சொன்னது. வரம்பே இல்லாவிட்டால் தேசிய லாட்டரியின் வருமானம் குறையும் என்று மறுதரப்பு. 2018-இல் கருத்துக் கேட்டார்கள், 2019-இல் முடிவெடுத்தார்கள், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது: பெரிய தொண்டு லாட்டரிகளுக்கு வருட விற்பனை வரம்பு 1 கோடி பவுண்டிலிருந்து 5 கோடி, ஒரு குலுக்கலுக்கு 40 லட்சத்திலிருந்து 50 லட்சம், அதிகபட்சப் பரிசு 4 லட்சத்திலிருந்து 5 லட்சம். கேட்டது 10 கோடி.

தொகை வரம்பு என்று சொன்னீர்களே?

ஆமாம். சட்டத்தில் எண்ணை எழுதிவிட்டால் அது அப்படியே உறைந்துவிடும், விலைவாசி உறையாது. எழுதும்போது தாராளமாக இருந்த வரம்பு இருபது வருடத்தில் இறுக்கமாகிவிடும். யாரும் சட்டத்தைக் கடுமையாக்கவில்லை, ஆனால் கடுமையாகிவிட்டது. பிரிட்டன் 2020-இல் புதுச் சட்டம் போடாமல் ஓர் ஆணையிலேயே வரம்புகளை மாற்ற முடிந்தது. தொகைகளை அமைச்சர் ஆணை மூலம் மாற்றலாம் என்று மூலச் சட்டத்திலேயே இருந்ததுதான் காரணம். உங்கள் மசோதாவில் அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் விடாதீர்கள்.

வெளிக் கம்பெனியிடம் நடத்தக் கொடுத்தால்?

நிலையான கூலிக்குக் கொடுக்கலாம். விற்பனையில் பங்கு என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பங்கு என்றால் சீட்டு அதிகம் விற்பதுதான் அவர்களுக்குக் குறி, யாரிடம் விற்கிறோம் என்பது இல்லை. சட்ட மாற்றத்தில் கமிஷனைத் தடுக்கும் வரியை நாமே சேர்த்துக் கேட்டால் நம் பேச்சுக்கு எடை கூடும்.

குலுக்கும் முறையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்ல வேண்டும்?

எல்லோரும் பார்க்கக் குலுக்க வேண்டும் என்பதை நம்மவர்கள் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையை எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்ல வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்திருக்கக் கூடாதல்லவா! பரிசுக் குலுக்கலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சந்தேகம் மட்டும் ஒன்றுதான்.

இன்றைய சட்டங்களில் அந்த உள்ளங்கையின் வேலையைச் செய்வது சீட்டின் அடிக்கட்டை. கிழித்துக் கொடுக்கும் சீட்டிலும் கையில் நிற்கும் கட்டையிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாச் சட்டம் சொல்கிறது. பிரிட்டனின் பதிவுக் குலுக்கல்களில் எல்லாச் சீட்டும் ஒரே விலை. ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்பது கூடாது, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும் என்பதற்காக.

ஒரு முறை நாங்கள் 40 புத்தகம் அச்சடித்தோம், புத்தகத்துக்கு 25 சீட்டு. குலுக்கல் நாள் காலையில் 37 புத்தகம் திரும்பி வந்துவிட்டது. மூன்று எங்கே என்று தெரியவில்லை. வாங்கிப் போனவர் ஊரில் இல்லை, போனும் எடுக்கவில்லை. அந்த 75 எண்ணையும் விட்டுவிட்டுக் குலுக்கினால், அவர் விற்ற சீட்டுக்காரர்களுக்குத் துரோகம். சேர்த்துக் குலுக்கினால், விற்காத எண்ணுக்குப் பரிசு விழலாம். கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, மைக்கில் பாட்டுப் போட்டு ஓட்டுகிறோம். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்: 11 சீட்டு விற்றிருக்கிறது, எண்கள் இவை. அந்த 11 எண்ணையும் வெள்ளைத் தாளில் எழுதி, மடித்து, மேடையில் எல்லோரும் பார்க்கப் பெட்டியில் போட்டோம். அன்றைக்கு எந்த விதியும் எங்களைக் காப்பாற்றவில்லை. அச்சடித்தது, கொடுத்தது, திரும்பியது, விற்றது என்று நான்கு எண்ணையும் குலுக்கலுக்கு முன் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு சட்டம் கேட்டால் நான் முணுமுணுக்காமல் ஒப்புக்கொள்வேன்.

குழந்தைகள் சீட்டு வாங்கலாமா, விற்கலாமா?

பிரிட்டனில் பதிவு செய்த குலுக்கலுக்கு 16 வயது. நிகழ்ச்சிக் கூடத்துக் குலுக்கலுக்கு வயது வரம்பு இல்லை. அந்த வேறுபாடு சரி என்றே நினைக்கிறேன். வீடு வீடாகப் போய் விற்கக் குழந்தையை அனுப்புவதைச் சட்டம் அனுமதித்தாலும் செய்யாதீர்கள்.

வரி?

சீட்டு வாங்கியதை நன்கொடை என்று காட்டி வரிச்சலுகை கேட்க முடியாது. அமெரிக்காவில் இது தெளிவான விதி, வாங்கியது வெல்லும் வாய்ப்பை என்பதால். பரிசு பெற்றவருக்கு வரி நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் லாட்டரிப் பரிசுக்கு 30 சதவீதமும் அதன் மேல் கூடுதல் வரியும் உண்டு.

மனு எப்படி எழுதுவது?

நான் எழுதிய முதல் மனு நான்கு பக்கம். தர்மம், மனிதநேயம், ஏழைகளின் கண்ணீர் எல்லாம் இருந்தது. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று ஒரு வரி வந்தது. இரண்டாவது ஒரே பக்கம். எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல், அதற்குப் பதில் என்ன சொல், அதனால் யாருக்கு என்ன மாறும், யாரும் ஏமாற்றாமல் இருக்க என்ன காவல். கூடவே ஒரு குலுக்கலுக்கு நாங்கள் நிரப்பிய படிவங்களின் நகல், குலுக்கலில் மிஞ்சிய தொகையின் கணக்கு. அந்த முறை கூப்பிட்டுப் பேசினார்கள்.

மனுவைச் சட்டமன்ற உறுப்பினருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் தினமும் புரட்டும் எழுத்தருக்கு அந்தச் சட்டத்தில் எது வேலை செய்யவில்லை என்று அமைச்சரைவிட நன்றாகத் தெரியும். அவர் அனுபவத்தையும் கேட்டு எழுதுங்கள். அரசு கருத்துக் கேட்கும் அறிவிப்பு வந்தால், ஒரே கடிதத்தை நூறு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புவதைவிட, பத்துச் சங்கங்கள் தங்கள் தங்கள் கணக்கோடு பத்துக் கடிதம் அனுப்புவது மேல்.

சட்டம் மாறும் வரை குலுக்கலை நிறுத்தி வைக்க வேண்டுமா?

உங்கள் நாட்டில் விலக்கோ பதிவோ உண்டு என்றால், அதற்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி நடத்துங்கள். இல்லை என்றால் காசு வாங்காத குலுக்கல் நடத்தி, பக்கத்தில் ஓர் உண்டியல் வையுங்கள். போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே சீட்டு என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஏலம் இன்னொரு வழி. அதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை என்பதால் லாட்டரிச் சட்டம் தொடாது. வசூல் குறையும்தான். குறைந்தது எவ்வளவு என்பதையும் குறித்து வையுங்கள், அடுத்த மனுவோடு இணைக்க உதவும்.